நீட்டியாச்சா மனே?

இங்கிலாந்தில இருந்து ஊருக்கு, மட்டக்களப்புக் கல்லடிக்கு, வந்து மூணு நாள் ஆகுது, பெட்டியே இன்னும் சரியா அவிழ்க்கல்ல, அதுக்குள்ள இந்தக் கேள்விய பதினேழு பேர் கேட்டிட்டாங்க. எண்ணித்தான் சொல்றன். முதல்ல கேட்டது பக்கத்து வளவு மாமி. படலையத் திறந்து உள்ள வரக்குள்ளயே அம்மாட்ட "என்னகா, பொடியனுக்கு விசா நீட்டியாச்சா" எண்டு கேட்டுக்கொண்டு வாறா, மறுகா என்னப் பார்த்து "நீட்டியாச்சா மனே" எண்டு திரும்ப ஒருக்கா. நான் "ஓம் மாமி" எண்டு சொல்லிட்டன். உண்மை என்னெண்டா நான் ஒண்டையும் நீட்டல்ல. நீட்டவும் ஏலா. அத மாமிக்கு விளங்கப்படுத்தப் போனா கோப்பையில கிடந்த புட்டு ஆறிப்போயிரும் எண்டுதான் ஓம் போட்டது.

ஆனா இந்த "நீட்டுற" எண்ட சொல்லாலதான் நானே ஒரு வருஷத்துக்கு மேல ஏமாந்து இருந்தன், அதால இத எழுதுறன்.

படிப்பு முடிஞ்ச பிறகு இங்கிலாந்தில நிண்டு வேலை செய்ற விசாவ எங்கட ஆக்கள் இப்பவும் பிஎஸ்டபிள்யூ, பிஎஸ்டபிள்யூ எண்டுதான் சொல்ற. அந்தப் பேரில இருந்த விசாவ 2012லயே மூடிட்டாங்க. இப்ப இருக்கிறது கிறஜுவேட் விசா, 2021 ஜூலையில துவங்கினது. படிப்பு முடிஞ்சா ரெண்டு வருஷம் தருவாங்க, பிஎச்டி எண்டா மூணு. ஸ்பொன்சர், அதாவது உன்ட விசாவுக்குப் பொறுப்பு நிக்கிற கொம்பனி, தேவையில்ல, வேலை இருக்கணும் எண்டும் இல்ல, கடையில நிண்டாலும் சரி, சும்மா வீட்டில படுத்தாலும் சரி. வாழ்க்கையில ஒருக்காத்தான். முடிஞ்சா முடிஞ்சதுதான், இன்னொரு ஆறு மாசம் தாங்கோ எண்டு கேக்கிறதுக்கு ஒரு ஃபோமே கிடையாது. அதுக்குப் பிறகு அங்க இருக்கணும் எண்டா வேற ஒரு விசாவுக்கு மாறணும், எங்களப் போல ஆக்களுக்கு அது பெரும்பாலும் ஸ்கில்ட் வேர்க்கர், அதுக்கு வெளிநாட்டாக்கள எடுக்க லைசன்ஸ் உள்ள கொம்பனி ஒண்டு ஸ்பொன்சர் பண்ணணும். நீட்டுறதுக்கும் மாறுறதுக்கும் இடையில எவ்வளவு கிடங்கு இருக்கு எண்டது விழுந்து எழும்பினவனுக்குத்தான் தெரியும்.

எனக்கு இத யாரும் சொல்லித்தரல்ல. 2022ல பெற்றோலுக்கு லைன் நிண்ட காலம், கியூஆர் கோட் எல்லாம் வர முதல், அப்பாட மோட்டச்சைக்கிள லைனில விட்டுட்டு டவுனுக்குள்ள ஒரு ஹோலில நடந்த ஏஜென்சி செமினாருக்குப் போனன். கொழும்பில இருந்து வந்த ஒரு அண்ணன், டையெல்லாம் கட்டி, "ரெண்டு வருஷம் பிஎஸ்டபிள்யூ, அது முடிய கொம்பனி எக்ஸ்டெண்ட் பண்ணித்தரும், நோ ப்ரொப்ளம்" எண்டு சொன்னார். எல்லாரும் தலையாட்டினம். நானும் ஆட்டினன். ஒலுவில் கம்பஸ்ல சிவில் இஞ்சினியரிங் முடிச்ச எனக்கே ஒரு கேள்வி கேக்கத் தோணல்ல, அவ்வளவு அவசரம் இந்த நாட்ட விட்டுப் போக. இங்கிலாந்துப் பவுண் ஏறின ஏத்தத்தில அம்மாட தாலிக்கொடியத் தவிர மத்த நகையெல்லாம் பாங்கில அடகுக்குப் போச்சு. செப்டம்பர்ல நான் ஏறிட்டன், படிச்சது தண்ணி சம்பந்தமா ஒரு மாஸ்டர்ஸ், வெள்ளம், வடிகால் எல்லாம். மட்டக்களப்பில பிறந்தவன் வெள்ளத்தப் பத்திப் படிக்க இங்கிலாந்து போன எண்டு பொடியன்மார் இப்பவும் நக்கல் அடிக்கிறாங்க.

கிறஜுவேட் விசா போட்டது 2024 ஜனவரியில. அது லேசு. கம்பஸ் "இவர் பாஸ்" எண்டு விசா குடுக்கிற அரசாங்க இலாகாவான ஹோம் ஒஃபிஸுக்கு அறிவிக்கணும், மறுகா ஸ்டூடன்ட் விசா முடிய முதல் நாட்டுக்குள்ள இருந்துகொண்டே ஒன்லைன்ல போடணும். எங்கட பாஸ்போட்டில சிப் இல்ல, ஆனா அப்ப கையில பிஆர்பி எண்ட வதிவிட அனுமதி காட் இருந்தபடியா அத போன்ல வெச்சு ஸ்கேன் பண்ணியாச்சு, ஒரு இடமும் போகத் தேவைப்படல்ல. ஃபீஸ் 822 பவுண், அங்கத்த அரச வைத்தியத்துக்குக் கட்டுற ஹெல்த் சார்ஜ் வருஷத்துக்கு 624 படி ரெண்டு வருஷத்துக்கு 1,248, மொத்தம் 2,070. எட்டு லட்சத்துக்கு மேல நம்மட காசு. என்னோட அறையில இருந்த பொடியன் ஒருத்தன், வெல்லாவெளிப் பக்கம், அவன்ட கம்பஸ் ரிசல்ட் அனுப்பச் சுணங்கி பெப்ரவரி ரெண்டாம் கிழமைதான் போட்டான். பெப்ரவரி 6ல இருந்து ஹெல்த் சார்ஜ 624ல இருந்து 1,035 ஆக்கிட்டாங்க. அதே விசா, அதே ரெண்டு வருஷம், அவனுக்கு 2,892. ஒரு மாசம் அவன் பாணும் சம்பலும்தான் சாப்பிட்டது, சம்பல் எண்டா அங்க கிடைக்கிற உலர்ந்த தேங்காய்த்துருவலில, தயவுசெய்து கேக்காதீங்க.

விசா வந்த அண்டைக்கு நான் செஞ்ச பிழை, ஆறுதலா மூச்சு விட்டது. ரெண்டு வருஷம் இருக்குத்தானே எண்டு நினைச்சன். அந்த மணிக்கூடு உனக்கு வேலை கிடைக்கிற அண்டைக்குத் துவங்கிறதில்ல, விசா தந்த அண்டைக்கே ஓடத் துவங்கிட்டு. நான் முதல் ஏழு மாசம் வேர்ஹவுஸ்ல இரவு ஷிஃப்ட், பெட்டி தூக்கின. காசு வந்தது, அடகில பாதி மீட்டாச்சு, அத நான் வீண் எண்டு சொல்ல மாட்டன், ஆனா 24 மாசத்தில 7 மாசம் போயிட்டு. 2024 செப்டம்பர்லதான் ட்ரெயினேஜ் டிசைன் செய்ற ஒரு சின்ன கொம்பனியில கிறஜுவேட் இஞ்சினியரா ஏறினன், சம்பளம் வருஷத்துக்கு 31,000 பவுண்.

இந்த 31,000 எண்ட இலக்கத்த கொஞ்சம் ஞாபகம் வெச்சிக்கொள்ளுங்க.

ஸ்பொன்சர் பண்ணணும் எண்டா ஒரு குறைஞ்ச சம்பளம் இருக்கு. எங்களப் போல புதுசா படிச்சி வெளிய வாறவங்களுக்கு "நியூ என்ட்ரன்ட்" எண்டு ஒரு சலுகை ரேட். எனக்கு கிறஜுவேட் விசா வந்த நேரம் அது 20,960. ரெண்டு மாசம் கழிச்சி, 2024 ஏப்ரல் 4ல 30,960 ஆச்சு, ஒரே பாய்ச்சலில பத்தாயிரம். சலுகை இல்லாத சாதாரண ரேட் 26,200ல இருந்து 38,700க்குப் போச்சு. அப்ப நான் வேர்ஹவுஸ்ல பெட்டி தூக்கிக்கொண்டு நிண்டபடியா எனக்கு இது ஒண்டும் உறைக்கல்ல. வேலைக்கு ஏறின பிறகு பார்த்தா 31,000, வரம்பு 30,960, நாப்பது பவுணால நான் மேல நிக்கிறன். அந்த வேலைக்கு எண்டு கவர்மென்ட் வெச்சிருக்கிற சம்பள மட்டத்தில, கோயிங் ரேட் எண்டு சொல்ற, 70 வீதமும் வரணும், அதுவும் சரி. அதாவது கொம்பனி மனசு வெச்சா ஒரு சதம் சம்பளம் கூட்டாம அப்படியே மாத்தியிருக்கலாம்.

2025 மார்ச்ல கேட்டன். மெனேஜர் நல்ல மனுசன்தான், ஆனா மேல இருக்கிறவங்க "உனக்கு அடுத்த வருஷம் வரைக்கும் விசா இருக்குத்தானே, பிறகு பார்ப்பம்" எண்டுட்டாங்க. கொம்பனிட்ட லைசன்ஸ் இருந்தது, ஏற்கனவே ஒராள ஸ்பொன்சர் பண்ணினவங்க, அதால நானும் நெருக்கல்ல. நம்மட வளர்ப்பு அப்படி, பெரியாக்கள் பார்ப்பம் எண்டா பார்ப்பாங்க எண்டு நம்புறது. அங்க பார்ப்பம் எண்டா பார்க்க மாட்டம் எண்டு அர்த்தம், எனக்கு அது விளங்க ரெண்டு வருஷம் போச்சு. மே மாசம் கவர்மென்ட் விசா ரூல மாத்தப் போறம் எண்டு ஒரு வெள்ளை அறிக்கை விட்டது, ஜூலை 22ல புது ரூல் வந்திட்டு. சாதாரண ரேட் 41,700. நியூ என்ட்ரன்ட் 33,400. வேலையும் டிகிரி லெவல் வேலையா இருக்கணும். நான் நாப்பது பவுண் மேல நிண்டவன், ஒரு காலையில எழும்பிப் பார்த்தா 2,400 பவுண் கீழ.

அதுக்குப் பிறகு நடந்தத சுருக்கிச் சொல்றன், நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. செப்டம்பர்ல எச்ஆர் கூப்பிட்டு "சம்பளத்த கூட்டுறம், ஆனா ஸ்பொன்சர் செலவ நீ மாசா மாசம் கழிச்சித் தருவியா" எண்டு கேட்டது. நான் கிட்டத்தட்ட ஓம் சொல்லிட்டன். அண்டிரவு வெல்லாவெளிப் பொடியன்தான் "டேய் விசரா, அது உன்ட தலையில கட்ட ஏலா" எண்டான். தேடிப் பார்த்தா சரிதான், ஸ்பொன்சர் சர்டிபிகேட்டுக்கான ஃபீஸும் (அப்ப 525 பவுண்), வெளிநாட்டாள எடுக்கிறதுக்கு கவர்மென்ட்டுக்குக் கட்டுற இமிகிரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜும் கொம்பனிதான் கட்டணும், ஊழியர்ட்ட அறவிட்டா அவங்கட லைசன்ஸே போகலாம். விசா ஃபீஸும் ஹெல்த் சார்ஜும் மட்டும்தான் நம்மட பாடு. நான் ஹோம் ஒஃபிஸ்ட வழிகாட்டிப் பக்கத்த அப்படியே எச்ஆருக்கு மெயில் பண்ணி "நான் பிழையா விளங்கிட்டனோ தெரியல்ல, இத ஒருக்கா பார்ப்பீங்களா" எண்டு கேட்டன், அவ்வளவு மரியாதையா. அடுத்த நாள் அந்தக் கதையே இல்ல.

கடைசியில கொம்பனிய எழுப்பினது நானில்ல, இன்னொரு விலையேற்றம். ஸ்கில்ஸ் சார்ஜ் 2025 டிசம்பர் 16ல இருந்து 32 வீதம் கூடுது எண்டு அறிவிப்பு வந்தது. சின்னக் கொம்பனிக்கு வருஷத்துக்கு 364 ஆக இருந்தது 480. ஆறு மாசமா பார்ப்பம் எண்டவங்க ரெண்டு கிழமையில பேப்பர் ரெடி பண்ணிட்டாங்க. இதுல பகிடி என்னெண்டா, ஸ்டூடன்ட் விசாவில இருந்தே ஒராள நேரடியா ஸ்பொன்சருக்கு மாத்தினா அந்த சார்ஜே கிடையாது. படிச்சி முடிக்கிற நேரத்திலயே கொம்பனிகளோட பேசுறவனுக்குக் கையில ஒரு துருப்புச் சீட்டு இருக்கு, அது எனக்குத் தெரியவே தெரியாது.

சீஓஎஸ் எண்டு ஒரு இலக்கம் தருவாங்க, பேர் சர்டிபிகேட் ஒஃப் ஸ்பொன்சர்ஷிப், ஆனா சர்டிபிகேட் எண்டு கையில பிடிக்க ஒண்டும் இல்ல, அதுட விபரத்த பீடிஎஃபா கேட்டு வாங்கி ஒவ்வொரு வரியும் பாருங்க. என்னுடையதில பேர் பிழை. எங்கட பாஸ்போட்டில அப்பாட பேர்தான் சேர்நேம். ஒரு வருஷத்துக்கு மேலா அந்த ஒஃபிஸ் முழுக்க என்னக் கூப்பிட்டது அப்பாட பேரிலதான், மீட்டிங்கில "குட் மோர்னிங்" எண்டு அப்பாட பேரச் சொல்லி வாழ்த்துவாங்க, அவர் இங்க கல்லடியில தோணி பழுது பார்த்துக்கொண்டு இருப்பார். எச்ஆர் பிள்ளை பேர ரெண்டாப் பிரிச்சி, முன்பாதிய பின்னுக்கும் பின்பாதிய முன்னுக்கும் போட்டு வெச்சிருக்கு. நல்லவேளை அவங்கட சிஸ்டத்திலயே ஒரு குறிப்பு சேர்த்துத் திருத்தலாம், புதுசு எடுக்கத் தேவையில்ல. சம்பளம், மணித்தியாலம், வேலைக் கோட், இந்த மூணும் வேலை ஒப்பந்தத்தோட ஒத்துப்போகுதா எண்டும் பார்த்தன். மறுகா பார்த்தன். வெல்லாவெளியானும் பார்த்தான்.

இன்னொரு கணக்கு, இத ஒருத்தரும் சொல்றதில்ல. நியூ என்ட்ரன்ட் சலுகை மொத்தம் நாலு வருஷம்தான், கிறஜுவேட் விசாவில இருந்த காலமும் அதுக்குள்ளதான் எண்ணுவாங்க. நான் ரெண்ட முழுசாத் திண்டுட்டன். அதால எனக்கு சலுகை ரேட்டில மிச்சம் ரெண்டு வருஷந்தான், 2028 தொடக்கத்தில முழு ரேட்டுக்கு வரணும், இல்லாட்டி மூட்டை கட்டணும். பிஆர் எண்டு மாமி கேக்கிற நிரந்தர வதிவிடம் அதுக்கும் பிறகு. கிறஜுவேட் விசாவில இருந்த ரெண்டு வருஷம் பிஆருக்கு வேண்டிய அஞ்சு வருஷக் கணக்கில சேராது, அந்த அஞ்சையே பத்தாக்கப் போறம் எண்டு வேற அந்த வெள்ளை அறிக்கையில போட்டிருக்காங்க.

நவம்பர் நடுவில அப்ளிகேஷன் போட்டன். ஃபீஸ் 885, ஹெல்த் சார்ஜ் வருஷத்துக்கு 1,035, எல்லாம் ஒரே தரத்தில பாங்க் காட்டில வெட்டிட்டு, கூட்டிப் பார்த்தா பத்து லட்சத்தத் தாண்டுது. இந்தமுறை பிஆர்பி காட் காலாவதி, பாஸ்போட்டில சிப்பும் இல்ல, அதால விசா சென்டருக்குப் போய்த்தான் கைரேகையும் போட்டோவும். அங்க இருந்த பிள்ளை என்ட விரல மூணு தரம் துடைச்சி வெச்சது, ரேகை விழல்லையாம். ஏழு மாசம் பெட்டி தூக்கின விரல், எப்பிடி விழும். ஐநூறு பவுண் கூடக் கட்டினா அஞ்சு வேலை நாளில முடிவு தருவாங்க. எனக்குக் கட்ட மனமில்ல. எட்டுக் கிழமைதானே, கிறிஸ்மஸ் லீவோட ஓடிரும் எண்டு விட்டன்.

விசா கையில இல்லாட்டியும் வேலை செய்யலாமா எண்டு நிறையப் பேர் கேக்கிறாங்க. பழைய விசா முடிய முதல் போட்டிருந்தா முடிவு வரும் வரைக்கும் பழைய உரிமை அப்படியே தொடரும், பயமில்ல. ஆனா நாட்ட விட்டு வெளிய போகக்கூடாது. போனா அப்ளிகேஷன நீயே வாபஸ் வாங்கினதாக் கணக்கு. இந்த ஒரு வரிய நான் சும்மா வாசிச்சிட்டுப் போயிருந்தன்.

நவம்பர் கடைசியில டித்வா புயல்.

வியாழக்கிழமை பின்னேரம் அம்மாவோட கதைச்சது, "மழைதான் மனே, பெரிசா ஒண்டும் இல்ல" எண்டா. வெள்ளி விடிய எடுத்தா லைன் போகல்ல. அப்பாட போன் இல்ல, தங்கச்சிட போன் இல்ல, மாமிட போனும் இல்ல. வாட்ஸப்ல எல்லாருக்கும் ஒத்தச் சரி. ஒஃபிஸ்ல அண்டைக்கு என்ட வேலை என்னெண்டா ஒரு புது வீட்டுத் திட்டத்துக்கு மழைத்தண்ணி டாங்கி கணக்குப் போடுறது, முப்பது வருஷத்துக்கு ஒருக்கா வாற மழைக்கு ஒரு சொட்டும் மேல வரக்கூடாது, நூறு வருஷத்துக்கு ஒருக்கா வாற மழைக்கு வீட்டுக்குள்ள போகக்கூடாது, அதுக்கு மேல காலநிலை மாற்றத்துக்கு எண்டு இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடணும். அங்க நாப்பது வீட்டுக்கு இந்த மாதிரி தசம தானத்தில பார்த்துக்கொண்டிருக்கன், இங்க எங்கட வளவுக்குள்ள தண்ணி எந்தப் படியில நிக்குது எண்டு தெரியாது. ஃபேஸ்புக்கில ஆரோ வாவித்தண்ணி கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டியாச்சு எண்டு போடுறாங்க, இன்னொராள் இல்ல எண்டு போடுறாங்க. நான் டிக்கெட் பார்த்தன், உண்மையாவே பார்த்தன், கொழும்புக்கு அடுத்த நாள் இருந்தது, காசும் இருந்தது. வெல்லாவெளியான் "போனா எல்லாம் முடிஞ்சிது மச்சான், போய் நீ என்ன தண்ணியையா இறைக்கப் போறா" எண்டான். அவன்ட வீட்டோடயும் அவனுக்குக் கதைக்கக் கிடைக்கல்ல, அவன்ட குரலும் சரியில்ல.

மூணாம் நாள் இரவு அப்பா எடுத்தார், ஆரோட வானிலயோ சார்ஜ் போட்ட போன்ல. தண்ணி ரெண்டாம் படியோட நிண்டு வடிஞ்சிட்டாம், கிணறு கலங்கிட்டாம், மாமிட வீட்டுத் தகரம் ரெண்டு பறந்திட்டாம், ஆக்களுக்கு ஒண்டும் இல்ல. இதெல்லாம் நான் கேட்டுக் கேட்டு வாங்கினது. அவர் ஹலோவுக்குப் பிறகு முதல் கேட்டது, "விசா வந்திட்டா மகன்?"

வந்தது ஜனவரி நடுவில, பொங்கல் முடிஞ்சி, ஒரு ஈமெயில். நான் பஸ்ல நிண்டுகொண்டு வாசிச்சன். இனி எனக்கு ஒரு கொம்பனிதான் முதலாளி, வேலை போனா வழமையா அறுபது நாளுக்குள்ள வேற ஸ்பொன்சர் தேடணும், கிறஜுவேட் விசாவில இருந்த போல இண்டைக்கு இங்க நாளைக்கு அங்க எண்டு ஓட ஏலா. ரெண்டு நாளில லீவு கேட்டு டிக்கெட் போட்டன்.

வீட்டுக்கு வந்த அண்டைக்கே அம்மா பாஸ்போட்ட வாங்கி ஒவ்வொரு பக்கமாப் பிரட்டினா. மாமாங்கப் பிள்ளையாருக்கு நேர்த்தி வெச்சிருக்கா, விசா வந்தா பாஸ்போட்ட காலடியில வெச்சி அர்ச்சனை செய்யணுமாம். கடைசிப் பக்கம் வரைக்கும் போயிட்டு "எங்க மனே விசா?" எண்டா. இப்ப ஸ்டிக்கர் எல்லாம் இல்லம்மா, ஈ விசா, ஒன்லைன்ல இருக்கு, ஆராவது பார்க்கணும் எண்டா ஷெயார் கோட் எண்டு ஒண்டு எடுத்துக் குடுக்கிற, தொண்ணூறு நாள் வேலை செய்யும் எண்டன். "அப்ப வெறும் புத்தகத்தையா பிள்ளையாருக்கு முன்னுக்கு வைக்கிற?" எண்டு கேட்டா. பதில் இல்ல எனக்கு. சந்தியில இருக்கிற கொமினிகேஷன் கடைக்குப் போய் முடிவுக் கடிதத்த பிரிண்ட் எடுத்தன், கலர்ல எடுக்கச் சொன்னா, கறுப்பு வெள்ளைக் கடிதம்தான், எண்டாலும் கலர்ல எடுத்தன். ஐயர் அதுக்கு மேல ஒரு செவ்வரத்தம்பூவும் சந்தனமும் வெச்சித் தந்தார். இப்ப அது சாமியறையில மஞ்சள் பிடிச்சிக் கிடக்கு.

நேத்துப் பின்னேரம் மாமி திரும்ப வந்தா, இந்தமுறை சின்னப் பொடியனையும் கூட்டிக்கொண்டு. அவன் இந்த செப்டம்பர் இன்டேக்குக்குப் போறானாம், ஏஜென்சிக்கு முதல் தவணையும் கட்டியாச்சாம். பளபளப்பான புரோசர் ஒண்ட நீட்டி "அண்ணா, இதுல எல்லாம் சரிதானே" எண்டான். நடுப்பக்கத்தில கொட்டை எழுத்தில 'ரெண்டு வருட பிஎஸ்டபிள்யூ, நீட்டிக்கலாம்' எண்டு போட்டுக் கிடக்கு. 2027 ஜனவரி 1ல இருந்து கிறஜுவேட் விசாக்குப் போடுறவங்களுக்கு, பிஎச்டி இல்லாட்டி, பதினெட்டு மாசம்தான். இவன் படிச்சி முடிச்சிப் போடக்குள்ள 2027 கடைசி ஆகிரும்.

பேனை கேட்டன். மாமி கொண்டையில செருகியிருந்த பேனைய எடுத்துத் தந்தா, அவ சீட்டுக் கணக்கு எழுதுற பேனை. ரெண்டு வருஷத்த வெட்டிட்டு 18 மாசம் எண்டு எழுதினன், 'நீட்டிக்கலாம்' எண்டத வெட்டினன். மாமி கிட்ட வந்து எட்டிப் பார்த்தா.

"அப்ப நீ எப்பிடி மனே நீட்டின?"

அம்மா இன்னொரு கோப்பை தேத்தண்ணி ஊத்தினா. இந்தமுறை நான் ஜனவரி 2024ல இருந்து துவங்கினன்.